சரக்குத்தூளும் ஸ்ட்ராஸ்பூர்க்கும்

கேல், ஜேர்மனி
16.06.2024

அன்பின் மச்சான்,

சித்திரை வருஷத்துக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்பத்தான் பதில். கோபமெண்டா மொட்டை மாஸ்ரர்ர பிரம்பை எடுத்து வை, வரேக்க வாங்கிறன். அம்மாவின்ர முழங்கால் எப்பிடி? சின்னவனுக்குச் சோதனை முடிஞ்சுதோ?

போன ஞாயிறு, 9ஆம் திகதி, இஞ்ச ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தல். அதைப் பற்றித்தான் எழுதவேணும். இவ்வளவு காலமும் குடியியல் படிப்பிக்கிறவன் நீ, உனக்குத்தான் இது விளங்கும்.

மேல்வீட்டு அக்கா போன வருஷம் ஜேர்மன் குடியுரிமை எடுத்தவ. அதுக்கு ஒரு சோதனை இருக்கு. 310 கேள்வியைப் படிக்கவேணும், அதில 33 வரும், 17 சரியெண்டாப் பாஸ். இரவிரவா அவவின்ர குசினியில இருந்து நான்தான் கேள்வி கேட்டனான். ஐரோப்பிய ஒன்றியத்தில எத்தினை நாடு? 27. பாராளுமன்றம் எங்க? ஸ்ட்ராஸ்பூர்க். ஒண்டும் பிழைக்கேல்லை.

வைகாசியில ஒரு நாள் கையில கடிதத்தோட இறங்கி வாறா. "தம்பி, இது என்ன, தண்டமோ?" பாத்தா வாக்களிக்கிற அறிவித்தல். "ஐரோப்பாவுக்கு நாங்களும் வோட்டுப் போடலாமோ?" எண்டு கேட்டா. எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. ஸ்ட்ராஸ்பூர்க் ஆத்துக்கு அங்கால, பிரான்சில கிடக்கு. கிழமைக்கு ரெண்டு தரம் ட்ராம் ஏறித் தங்கச்சி வீட்டை போறவ. மறுமொழியைப் பாடமாக்க வைச்ச நான், அது அவவின்ர பாராளுமன்றமும்தான் எண்டு ஒரு நாளும் சொல்லேல்லை.

அடுத்த சனி, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில பெரிய வகுப்புப் பிள்ளையளையும் தாய் தகப்பன்மாரையும் இருத்தினன். இந்த முறை ஜேர்மனியில 16 வயசுப் பிள்ளையளுக்கும் இந்தத் தேர்தலில வோட்டு. பலகையில ஒன்றியத்தின்ர ஆணைக்குழு, பேரவை, பாராளுமன்றம் எண்டு பெட்டி கீறி அம்புக்குறி போட்டன். பத்து நிமிஷத்தில முன்வரிசைக்கே கண் சொருகீட்டுது. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு ஒண்டே ஒண்டு கேட்டன்: "2020 பங்குனியில எல்லையைப் பூட்டினது ஞாபகமோ?"

மச்சான், எல்லாரும் ஒரேயடியாக் கதைக்கத் தொடங்கிட்டினம். கொரோனாவுக்கெண்டு பூட்டினது, ஆனி நடுப்பகுதியிலதான் திறந்தது. தங்கச்சியின்ர மகளுக்குப் பிள்ளை பிறந்து, பிள்ளை பெத்தவளுக்குக் குடுக்கவெண்டு அக்கா இடிச்சு வைச்ச சரக்குத்தூள் போத்தலோட அப்பிடியே கிடந்ததாம். ட்ராமில போற தூரம், போகேலாது. அப்ப ஒரு பெடியன் கேட்டான், "முந்தி ஒவ்வொரு நாளும் இப்பிடித்தானோ, சேர்?"

நான் தேடிக்கொண்டிருந்த வாசல் அதுதான். ஷெங்கன் எண்ட சின்ன ஊரில, 1985இல, ஆத்தில நிண்ட கப்பலில வைச்சு, எல்லைச் சோதனையை எடுக்கிறதுக்கு அஞ்சு நாடு கையெழுத்துப் போட்ட கதையைச் சொன்னன். ஸ்ட்ராஸ்பூர்க் 1871, 1918, 1940, 1944 எண்டு ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் இடையில நாலு தரம் கைமாறினதைச் சொன்னன். 1950இல பிரெஞ்சு வெளிநாட்டு மந்திரி ஷூமான், ரெண்டு நாட்டின்ர நிலக்கரியையும் உருக்கையும் ஒரு பொது நிருவாகத்துக்குக் கீழ விடுவம் எண்டதைச் சொன்னன். ஆயுதம் செய்யிற சாமான் ரெண்டும் பொதுவில கிடந்தா, ஒருத்தனுக்கொருத்தன் தெரியாமல் சண்டைக்கு ஆயத்தப்படேலாது. சண்டையில ஓடி வந்த சனம், ஒரு ஆளும் அசையேல்லை.

பின்வரிசை ஐயா ஒருத்தர், அகதி வழக்குகள் போற நீதிமன்றமும் ஒன்றியத்தின்ரதோ எண்டு கேட்டார். இல்லை. மனித உரிமை நீதிமன்றம் ஐரோப்பியக் கவுன்சிலின்ரது, அது வேற அமைப்பு, அதில 46 நாடு. ஒன்றியத்தை விட்டுப்போன பிரித்தானியாவும் அதுக்குள்ளதான் நிக்குது. 2008இல ஒரு தமிழரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பக்கூடாதெண்டு பிரித்தானியாவுக்குச் சொன்னதும் அந்த நீதிமன்றம்தான். ஒன்றியத்தின்ர பாராளுமன்றமும் கவுன்சிலின்ர நீதிமன்றமும் ஸ்ட்ராஸ்பூர்க்கில, ரெண்டு அமைப்புக்கும் கொடியும் ஒண்டே, பிறகு சனம் குழம்பாமல் என்ன செய்யும்? ஆனா செய்தி எழுதுறவையே ரெண்டையும் ஒண்டாக்கேக்க எனக்குப் பத்தி எரியுது. எங்கட சனத்தின்ர உயிர் தொங்கின இடமடா அது.

ஞாயிறு காலமை அக்கா சீலை கட்டிக்கொண்டு வந்தா. முழ நீளச் சீட்டு, முப்பதுக்கும் மேல கட்சி. கனநேரம் மறைப்புக்குள்ள நிண்டா. ஆருக்கெண்டு நான் கேக்கேல்லை.

லீவு முடியப் பிள்ளையளை ஸ்ட்ராஸ்பூர்க்குக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பாராளுமன்ற அமர்வைக் காட்டப் போறன். அதுக்கு முதல் நீ எனக்கு ஒண்டு எழுது: அங்க உன்ர பிள்ளையளுக்கு முதல் நாள் பாடத்தை எங்கயிருந்து தொடங்கிறனி?

உன்ர,
மச்சான்