மேட்டு லயத்து அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

அட்டனிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பரத வகுப்பில், தாளம் தட்டும் தட்டுக்கழியை மறுபடி கையில் எடுத்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு அலாரிப்பை முழுதாக நானே ஆடிக் காட்டினேன். கழுத்து அசைகிற இடத்தில் பின்னால் நின்ற பெற்றோர் கலங்கிப் பார்த்தது தெரிந்தது. விழவில்லை! அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். தலைசுற்றலில் நான் படுத்துவிட்ட கதையைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. அன்றைக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள்தானே இதைப் படிக்கிறீர்கள்.

இரவில் வந்த ஓட்டோ அண்ணன், பேராதனை ஆஸ்பத்திரி வரை துணைக்கு வந்த அம்மாமார், சின்னவர்களுக்குத் தட்டடவும் நாட்டடவும் சொல்லிக்கொடுத்து வகுப்பை நிற்காமல் பார்த்துக்கொண்ட மூத்த மாணவிகள், மண்டப வாடகை கேட்காத கோயில் கமிட்டி, ரசம் வைத்து அனுப்பிய வீடுகள், எல்லாருக்கும் கைகூப்புகிறேன். "எல்லாம் மாயை டீச்சர், மனசைத் தளரவிடாதீங்க" என்ற ஐயாவுக்கும் நன்றி. அவருக்கு மட்டும் ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

ஆனால் இந்த மடல் மேட்டு லயத்து, அதாவது மேட்டிலுள்ள தொழிலாளர் வரிசை வீட்டு, அக்காவுக்குத்தான். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு காதுக்குள்ளும் 3 அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை அசையாதபோதும் இரண்டு பக்க நரம்புகளும் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். தலையைத் திருப்பினால் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் குறையும். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் நாம் திரும்புகிறோம் என்று மூளை முடிவு கட்டுகிறது. எனக்கு ஒரு பக்க நரம்பு அடங்கிப்போனது. அசையாமல் படுத்திருந்தாலும் வித்தியாசம் தீரவில்லை. ஆகவே மூளையின் தீர்ப்பு, சுற்றுகிறாய் என்பதுதான். கூரைத் தகரம் சுற்றியது, சாமிப்படம் சுற்றியது. மூளை பழகிக்கொள்ளும், ஆனால் எழுந்து நடமாடினால்தான் சீக்கிரம் பழகும் என்றார் டொக்டர். சொல்வது சுலபம். கட்டிலை விட்டால் எனக்குத் தரையே நிச்சயமில்லை.

அக்கா பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அப்படியே வந்தவர். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. வாசலில் நின்றபடி, கொழுந்து பறிக்கையில் செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பை நீட்டினார். "கையத் தரமாட்டேன் டீச்சர், தந்தா தொங்கிருவீங்க. ஒரு விரலால நுனியத் தொட்டுக்கிட்டு வாங்க, போதும்." இறுக்கிப் பிடித்தால் நின்றுவிடுவார். தொட்டால் நடப்பார். அப்படியே தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரை வரை கூட்டிப்போனார். பிறகு மழை விட்ட மாலையெல்லாம் வந்தார். கண் மங்கிப்போன மாமியாரைச் சரிவில் கூட்டிப்போய்ப் பழகிய வித்தையாம்.

ஜெக்கா, லாக்னர் என்ற ஆய்வாளர்கள் 1994இல் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். 100 கிராம் எடைக்கும் குறைவான அழுத்தத்தில் விரல்நுனி ஒரு பொருளைத் தொட்டாலே, நிற்பவரின் தள்ளாட்டம் குறைகிறது. அந்த அழுத்தம் உடம்பைத் தாங்கப் போதாது. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்ற செய்தியை மூளைக்குச் சொல்லத்தான் அது உதவுகிறது. அவர்கள் தொடச் சொன்னது அசையாத கம்பியை. அக்கா நடக்கிற கம்பையே கொடுத்தார்!

சரி, மாயைக்கு வருகிறேன். இருட்டில் கயிற்றைப் பார்த்துப் பாம்பென்று பயந்தவனுக்கு விளக்கு வந்தால் பாம்பு போய்விடும் என்பது சங்கரர் வழியில் சொல்லும் உதாரணம். என் கூரை சுற்றவில்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் சுற்றியது. வேதாந்திகளிடமே இன்னோர் உதாரணம் உண்டு. செம்பருத்திக்குப் பக்கத்தில் வைத்த பளிங்கு சிவப்பாகத் தெரியும். பளிங்குக்கு நிறமில்லை என்று அறிந்த பிறகும், பூவை எடுக்கும் வரை சிவப்பாகவே தெரியும். ஐயா, என்னுடையது பாம்பு இல்லை, பளிங்கு. அறிவு மட்டும் போதவில்லை, உடம்பும் நடந்து பழக வேண்டியிருந்தது.

தலைசுற்றலுக்குப் பயிற்சி தந்த தங்கச்சி சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் திருப்பச் சொன்னார். ஆடுகிறவளுக்கு இதையா சொல்லித்தர வேண்டும் என்று சிரிப்பு வந்தது, அடுத்த நொடி வாந்தியும் வந்தது. கை போகும் இடத்துக்குக் கண், கண் போகும் இடத்துக்கு மனம் என்கிறது நாட்டிய நூலான அபிநய தர்ப்பணம். கம்பைத் தொட்டு நடந்தபோதும் வரிசை அதேதான். முதலில் விரல் நிலைத்தது, கண் அதன் பின்னால் வந்தது, மனம் கடைசியாக, அதுவும் அரைமனதாக.

அக்கா, பணம் தந்தால் வாங்க மாட்டீர்கள். வரும் மாசியில் உங்கள் தோட்டத்தில், மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் நடும்போது ரதிக்கும் மதனுக்கும் ஒப்பனையும் சலங்கையும் என் பொறுப்பு. என் பிள்ளைகளையும் கூட்டிவருவேன். தப்பு மேளத்துக்கு எப்படி அடி வைப்பது என்று உங்கள் வீட்டு அண்ணன்தான் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.