திசு மடலை விழித்திருந்து காத்தவர்களுக்கு

வணக்கம்.

மறுசீரமைப்பு அறுவையில் உடலின் ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் தைக்கும் ஃபிளாப் எனும் திசு மடலை, சூட்டை நிறமாகக் காட்டும் வெப்பப்படக் கேமராவால் கண்காணிக்க, பினாங்கில் தோள் கொடுத்த அனைவருக்கும் நன்றி.

முதல் நன்றி இரவுப் பணித் தாதியருக்கு. தொடையிலிருந்து எடுத்துக் கன்னத்தில் தைத்த மடலின் உயிர், சில மில்லிமீட்டர் அகலமே உள்ள தமனியிலும் சிரையிலும் இருக்கிறது. அடைப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 3 நாளுக்குள் வரும். அதனால்தான் முதல் 24 மணி நேரம் மணிக்கொரு படம். ஒவ்வொரு முறையும் ஏர்கோன் காற்றைத் திருப்பிவிட்டீர்கள், சூடூட்டும் போர்வையை விலக்கிக் காத்திருந்தீர்கள், களிம்பையும் ஈரத்தையும் ஒற்றியெடுத்தீர்கள். ஈரம் ஆவியாகும்போது நல்ல மடலும் குளிர்ந்ததாகக் காட்டும். வீண் பதற்றம்தான் மிஞ்சும்.

கேமராவைச் சரிசெய்து தந்த தொழில்நுட்பருக்குப் பெரிய கடன்பட்டிருக்கிறோம். தோல் வெப்பக்கதிரை வெளிவிடும் அளவான உமிழ்திறனை 0.98 என்று பதித்து, தூரம் மாறாதிருக்க அரை மீட்டர் நூலைக் கட்டிக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, நிற அளவைத் தானாக மாறவிடாமல் 24 முதல் 38 பாகை செல்சியஸுக்குள் பூட்டினார். பூட்டாமல் மடலை மட்டும் நெருங்கி எடுத்தால், 28 பாகைக்கு இறங்கிய மடலும் சூடாக இருப்பதுபோலச் செக்கச்செவேலென்று தெரியும். இதைக் கவனிக்காமல் விடுவது மிக ஆபத்தான தவறு.

பக்கத்துத் தோலைவிட மடல் 2 பாகை குளிர்ந்தாலே நேரம் பாராமல் ஓடிவந்த மருத்துவர்களுக்கும் நன்றி. படம் கூப்பிடும் மணி மட்டுமே. முடிவு சொல்வது தொட்டு அழுத்திப் பார்க்கும் விரலும், இரத்த ஓட்டத்தை ஒலியால் அறியும் டாப்ளர் கருவியும், குத்திப் பார்க்கும் ஊசியும். குத்திய இடத்தில் இரத்தமே வராவிட்டால் தமனியைச் சந்தேகிக்க வேண்டும். கருத்த இரத்தம் சட்டென்று வழிந்தால் சிரை அடைத்திருக்கலாம். சிரை அடைப்பில் சூடு மெதுவாகத்தான் இறங்கும், ஊதா நிறமும் வீக்கமும் முந்திக்கொள்ளும். தோலுக்கடியில் புதைத்த மடல் கேமராவுக்குத் தெரியவே தெரியாது. வாய்க்குள் வைத்ததில் எச்சிலும் மூச்சும் அளவைக் குழப்பிவிடும்.

நாங்கள் கேமராவைப் பழகுவதற்காகக் கையில் இரத்த அழுத்தப் பட்டையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த தொண்டர்களே, விரல்கள் குளிர்வதைத் திரையில் பார்த்த பிறகுதான் பலருக்கு விஷயம் பிடிபட்டது.

குடும்பத்தாருக்கும் நன்றி. தொட்டால் சில்லென்றிருக்கிறதே என்று சுடுநீர்ப் பை வைக்காமல், தாதியரை அழைத்தீர்கள். நரம்பு அறுபட்ட மடலுக்குச் சூடு உறைக்காது, வெந்த பிறகே தெரியும். அந்த எச்சரிக்கையைத் தமிழிலும் மலாயிலும் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிய அக்காவுக்கு எங்கள் தனி வணக்கம்.

அன்புடன்,
கண்காணிப்புக் குழுவினர், பினாங்கு