பழைய பெட்டி, புது எஸ்.எம்.பி.எஸ்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். குறுவை அறுப்பு முடிந்து நெல் களத்தில் காய்கிறது. வானத்தைப் பார்ப்பதும் படுதாவை இழுப்பதுமாகப் பொழுது போகிறது.

நீ அனுப்பியிருந்த புதுக் கணினியின் விலையைக் கேட்டு, "நம் மூன்று மா நிலத்துக்கும் ஒரு வருடக் குத்தகை இவ்வளவு வராதே" என்றாள் அம்மா. எனக்கு விலையைவிட அதிலிருக்கும் கிராபிக்ஸ் கார்டுதான் உறுத்தியது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060, 2025இல் வந்தது, வேகமானதுதான். ஆனால் கார்டின் நினைவகம் 8 ஜிபி. நீ ஓட்டப்போவது விளையாட்டு அல்ல, கேள்விக்குப் பதில் எழுதும் ஏஐ மொழி மாதிரிகள். 1300 கோடி அளவுருக்கள், அதாவது அது கற்றுவைத்த எண்கள், உள்ள மாதிரியில் ஒவ்வொரு எண்ணையும் நான்கு பிட்டாகச் சுருக்கினாலும் அதற்கு மட்டுமே ஆறரை ஜிபி வேண்டும். உரையாடல் நீள நீள மீதி இடமும் தீரும். பத்தாயம் சிறிதென்றால் எவ்வளவு வேகமாக அளந்து கொட்டி என்ன, மிச்ச நெல் திண்ணையில்தான் கிடக்கும். 2021இல் வந்த 3060இல் 12 ஜிபி உண்டு. புதிதுதான் வேண்டும் என்றால் 5060 டிஐயில் 16 ஜிபி உள்ளதை வாங்கு, 8 ஜிபிக்குப் பணம் தரமாட்டேன்.

பழசிலும் எல்லை உண்டு. 2017இன் 1080 டிஐ 11 ஜிபியோடு மலிவாகக் கிடைக்கிறது என்று உன் நண்பன் சொன்னானாமே, வேண்டாம். இந்த மாதிரிகளைக் கார்டில் ஓட்ட உதவும் என்விடியாவின் குடா மென்பொருள், 13ஆம் பதிப்பில் அந்தத் தலைமுறையைக் கைவிட்டுவிட்டது.

நேற்று கடையில் உனக்காக ஒரு பழைய 3060ஐப் பிரித்தேன். 2022 செப்டம்பரில், கார்டுகளை இரவும் பகலும் ஓட்டி எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் ஈட்டும் 'சுரங்கம்' நின்றபோது சந்தைக்கு வந்த கார்டுகளில் ஒன்று. விசிறியை விரலால் தள்ளினால் கரகரவென்றது. இடுக்கெல்லாம் தூசி, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டோ வெற்றிலைப் பெட்டியில் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. துடைத்துப் புதுப் பேஸ்ட் வைத்து, மெமரிச் சிப்புகளின் சூட்டைக் கடத்தும் பேடு மாற்றி, விசிறியும் மாற்றினேன். 84 டிகிரியில் திணறியது இரண்டு மணி நேரம் ஓடியும் 70ஐத் தாண்டவில்லை. சுரங்கத்தில் ஓடியது என்றாலே எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதைவிடக் கடற்கரைக் கார்டுதான் பயம். போன மாதம் நாகப்பட்டினத்திலிருந்து ஒன்று வந்தது, வெளியே பளபளப்பு, உள்ளே உப்புக் காற்றில் செம்பெல்லாம் பச்சை. அப்படியே மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் ஆதரவு நின்றதும் அலுவலகங்கள் விண்டோஸ் 11 ஏற்காத ஆறாம் தலைமுறை ஐ7 பெட்டிகளைக் கழித்துக்கட்டுகின்றன. லினக்ஸ் போட்டால் உன் வேலைக்கு அவை தாராளம். ஆனால் அவற்றில் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். சிறியது, 3060 மட்டுமே 170 வாட் இழுக்கும். பல பெட்டிகளில் இணைப்பே வேறு மாதிரி இருப்பதால் வெளியில் வாங்கியது பொருந்தாது. அதனால் சாதாரண போர்டு உள்ள பெட்டியாகத் தேடிப் பிடித்தேன்.

எஸ்.எம்.பி.எஸ். மட்டும் புதிது, 550 வாட். இதில் பழசைத் தொடமாட்டேன். 2018இல் கஜா புயல் அடித்துக் கரண்ட் இல்லாத நாட்களில், ஒரு வாத்தியாருக்குப் பழைய எஸ்.எம்.பி.எஸ். போட்டுப் பெட்டி கொடுத்தேன். ஜெனரேட்டர் ஏறி இறங்கியதில் அது வெடித்து, போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டுபோனது. அவர் மகள் கல்யாணப் படங்கள் அதில் இருந்தன. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்றும் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் பார்சலில் பெட்டி வரும். கார்டைக் கழற்றித் தனியாக, உன் பழைய பாவாடைத் துணியில் சுற்றி, முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஸ்லாட்டில் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்து. கார்டுக்கு மின்சாரம் தரும் எட்டு முள் ஒயரை மறக்காதே. போன முறை மறந்துவிட்டு இரவு பதினொன்றுக்குப் போன் செய்தாய்.

அன்புடன்,
அப்பா
மன்னார்குடி