புகார் தருபவரிடம் விசாவைக் கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு, 2000 ஜூலையில் டோக்கியோவில் காணாமல்போன பிரிட்டன் இளம்பெண் லூசி பிளாக்மேன் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை படித்தேன். ரொப்போங்கி கேளிக்கை விடுதியில் அவர் பார்த்த வேலையை அவ்வளவு விரித்து எழுதியிருக்க வேண்டாம். அழுத்திச் சொல்லியிருக்க வேண்டியது வேறு: அவர் இருந்தது, வேலைக்கு அனுமதியில்லாத சுற்றுலா விசாவில். அத்தகைய பெண்கள் காவல் நிலையப் படியேறத் தயங்குவார்கள் என்பதே குற்றவாளிக்குக் காப்பு. 1992இல் ஓர் ஆஸ்திரேலியப் பெண், பின்னாளில் லூசியைக் கடத்திய அதே ஆளால் இறந்தார். அப்போதே துருவியிருந்தால் லூசி பிழைத்திருப்பார். அவருடைய உடல் 2001 பிப்ரவரியில் மியுரா கடலோரக் குகையில்தான் கிடைத்தது. 2008இல் கடத்தலும் உடலைச் சிதைத்ததும் நிரூபணமாயின. கொலைக்கு மட்டும் இன்றுவரை தண்டனையில்லை!

நான் ஒசாகாவில் பணிபுரிந்தபோது, அனுமதித்த நேரத்துக்கு மேல் உணவகத்தில் வேலைசெய்த மாணவி ஒருவர், தன்னை ஒருவன் இரவில் பின்தொடர்வதைக்கூட விசா போய்விடும் என்று போலீசில் சொல்லவில்லை. குற்றப் புகார் தரும் வெளிநாட்டவரின் விசா விவரம் குடியேற்றத் துறைக்குப் போகாது என்று எந்த நாடும் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.

— வாசகர், திருச்சி