மடியில் இருக்கும்போதே எண்ணு

பெரம்பூர்,
ஐப்பசி, அடைமழை.

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? புஷ்பா இன்னும் அந்தத் தூக்குவாளியை விடவில்லையாமே! கேட்டதாகச் சொல்.

இத்தனை வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவளைக் குழந்தைகள் ஓபியில் உட்காரவைத்துவிட்டார்கள். யாரை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும்போது கை நடுங்குகிறது என்கிறாய். பயம் இருக்கட்டும், அது தப்பில்லை. உன் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. நாலு பக்கத்திலும் ஒவ்வொரு குழந்தைக்கும் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று எழுதியிருக்கிறாய். மூச்சு எத்தனை என்று ஓர் இடத்தில்கூட இல்லையேடி.

103 டிகிரி காய்ச்சலோடு உன் ஸ்டெத்தைப் பிடித்து இழுக்கிற குழந்தையும் இருக்கிறது, 100 டிகிரியோடு துவண்டு தோளில் கிடக்கிற குழந்தையும் இருக்கிறது. இரண்டாவதுதான் முதலில் போக வேண்டும். டிகிரி மட்டுமே முடிவு சொல்வது இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குத்தான். அங்கே 99.5 தொட்டாலே அனுப்பு. உடம்பு சில்லிட்டு 95.9-க்குக் கீழே போனாலும் அனுப்பு. அந்த வயதில் கிருமித் தொற்று காய்ச்சலாகவும் வரும், குளிர்ச்சியாகவும் வரும்.

மற்றபடி மூச்சுதான். இரண்டு மாதத்துக்குக் கீழே நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சு. அதனால் வயதை மாதக் கணக்கில் கேள். 46 என்று எண்ணிய குழந்தைக்குப் பதினோரு மாதம் என்றால் பயமில்லை, பதினாலு மாதம் என்றால் நிமோனியா. "ஒரு வயசு இருக்கும் சிஸ்டர்" என்ற பதிலோடு விட்டுவிடாதே, தடுப்பூசி அட்டையை வாங்கித் தேதியைப் பார்.

எண்ணுகிற விதத்தில்தான் எல்லாரும் தப்பு பண்ணுகிறார்கள். முதலில் எடை, அப்புறம் தெர்மாமீட்டர், அப்புறம் தொண்டையில் டார்ச் என்று போவார்கள். கடைசியில் மூச்சை எண்ணப் போகும்போது பிள்ளை வீறிட்டு அழுதுகொண்டிருக்கும். அழுகிற குழந்தையின் எண்ணிக்கை எதற்கும் உதவாது. அம்மா மடியில் அமைதியாக இருக்கும்போதே, நீ தொடுவதற்கு முன்னால், சட்டையை மட்டும் மேலே தூக்கச் சொல்லிவிட்டு எண்ணு. பால் குடித்துக்கொண்டிருந்தால் முடிக்கட்டும். மூக்கு அடைத்திருந்தால் உப்புநீர்ச் சொட்டு விட்டுச் சுத்தம் செய்த பிறகு எண்ணு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதே. கைக்குழந்தை கொஞ்ச நேரம் வேகமாக மூச்சு விடும், சில நொடி நிறுத்தும், மறுபடி தொடங்கும். அரை நிமிடத்தில் நாலு மூச்சு தவறினால் பெருக்கும்போது எட்டாகிவிடும். இரண்டு மாதத்துக்குக் கீழே 60 வந்தால் இன்னொரு தடவை எண்ணு, இரண்டாவது தடவையும் 60 வந்தால்தான் கணக்கு.

கையோடு நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதியையும் பார். மூச்சை உள்ளே இழுக்கும்போது வயிறு மேலே வந்து, விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே போனால், அது நெஞ்சு உள்வாங்குவது. விலா எலும்புகளுக்கு நடுவே தோல் மட்டும் லேசாகக் குழிவதை இதோடு குழப்பிக்கொள்ளாதே.

பேதிக்கு வருகிறேன். "பல் முளைக்குது, அதான்" என்பார்கள், "தோஷம் தட்டிடுச்சு" என்பார்கள். வாதாடாதே, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார். தொப்புளுக்கும் விலாப்புறத்துக்கும் நடுவில், மடிப்பு உடம்பின் நீளவாக்கில் வரவேண்டும், குறுக்கே அல்ல. ஒரு நொடி பிடித்து விடு. இரண்டு நொடிக்கு மேல் மடிப்பு நின்றால் மோசம். கொழுகொழு குழந்தையின் தோல் நீர் வற்றியிருந்தாலும் சட்டென்று திரும்பிவிடும், மெலிந்த குழந்தையின் தோல் ஒன்றுமில்லாவிட்டாலும் மெதுவாகத்தான் போகும். ஆகையால் கண் குழிந்திருக்கிறதா, தண்ணீரைக் கண்டதும் பாய்ந்து குடிக்கிறதா, சிணுங்கிக்கொண்டே இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்.

நடுத்தரமாக வற்றியிருந்தால் கிலோவுக்கு 75 மில்லி ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்), நாலு மணி நேரத்தில். ஏழு கிலோ என்றால் 525 மில்லி. உன் கண் முன்னாலேயே, நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். கக்கினால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகக் கொடு. துவண்டு கிடந்தாலோ குடிக்கவே முடியாவிட்டாலோ இதெல்லாம் இல்லை, டிரிப்தான், 108-தான்.

கரைப்பதை நீயே செய்து காட்டு. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கொடுக்கிற வீடுகள் ஏராளம். அதில் உப்பு ஐந்து மடங்கு ஏறிவிடும். பெட்டிக்கடை ஜூஸ் டப்பாவும் ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 2002-இலிருந்து பரிந்துரைக்கிற ஓஆர்எஸ் கலவையில் சர்க்கரையும் சோடியமும் அளந்து வைத்திருக்கிறது. சர்க்கரை கூடினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியை அதிகமாக்கும். ஜிங்க் மாத்திரை 14 நாள், ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே பாதி. மூன்றாம் நாள் பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவை.

பாராசிட்டமால் எழுதும்போது பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் "அஞ்சு மில்லி" என்று சொல்லவே சொல்லாதே. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். எட்டு கிலோ பிள்ளைக்கு வேண்டியது கிலோவுக்கு 15 வீதம் 120, அதாவது 1.2 மில்லி. அதே பாட்டிலில் ஐந்து மில்லி கொடுத்தால் 500!

இந்த மழைக்கு டெங்கு வேறு. மூன்றாம் நாளுக்கு மேல் காய்ச்சல் இறங்கியதும் தாய்க்கு நிம்மதி வரும். நமக்குக் கவலை தொடங்க வேண்டிய நேரம் அதுதான், ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது அப்போதுதான். வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, இதில் எது இருந்தாலும் அனுப்பு. காய்ச்சலுக்கும் வலிக்கும் கொடுக்கிற மெஃபனமிக் கலந்த சிரப்பும் ஐபுபுரூஃபனும் இதற்கு வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்புகிறவர்களிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்காதே, எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். "எப்போ திரும்பக் கூட்டிட்டு வருவீங்க, சொல்லுங்கம்மா" என்று கேள். பால் குடிக்கவில்லை, எதைக் கொடுத்தாலும் கக்குகிறது, வலிப்பு, துவண்டு போவது, மூச்சு வாங்குவது, இந்த ஐந்தும் அவள் வாயிலிருந்து வர வேண்டும். மூன்றோடு நிறுத்தினால் இன்னொரு தடவை சொல். கூட பாட்டி வந்திருந்தால் பாட்டியிடமும் கேள், ராத்திரி முடிவெடுப்பது அவர்தான்.

நெஞ்சையும் கடிகாரத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. போனில் ஒரு நிமிட அலாரத்தை வைத்து மேசையில் கவிழ்த்துவிட்டு, நெஞ்சை மட்டும் பார். நாளை காலை வருகிற முதல் பத்துக் குழந்தைகளுக்கு வயதை மாதத்தில் எழுதி, பக்கத்தில் மூச்சு எண்ணிக்கையை எழுதி எனக்கு அனுப்பு. டிகிரி வேண்டாம்.

அன்புடன்,
வசந்தி