பக்கவாதம் வந்தவருக்கு அறுவை சிகிச்சை: ‘ஆம்’ என்ற ஒரு டிக் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மூட்டு மாற்றமோ பித்தப்பை அகற்றலோ, எதற்காக அறுவை அரங்குக்குப் போனாலும் அதற்கு முந்தைய படிவத்தில் ‘பக்கவாதம் வந்ததுண்டா?’ என்றொரு கேள்வி இருக்கும். ‘ஆம்’ என்று டிக் போடுவதோடு பல இடங்களில் அது முடிந்துவிடுகிறது. மயக்க மருந்து கொடுப்பவருக்கு இது போதாது. எந்தத் தேதியில் வந்தது, எந்தப் பக்கம் பாதித்தது, இன்னும் எவ்வளவு பலவீனம் மிச்சம், வழக்கமான ரத்த அழுத்தம் என்ன என்ற நான்கும் அதே தாளில் இருந்தாக வேண்டும்.

முதலில் தேதி. அவசரமில்லாத அறுவையைப் பக்கவாதத்துக்குப் பின் 9 மாதம் வரை தள்ளிவைக்கலாம் என்ற கருத்துக்கு 2014இல் வந்த டென்மார்க் ஆய்வு வலுச் சேர்த்தது. 2024இல் வெளியான அமெரிக்க இதயவியல் வழிகாட்டுதல் குறைந்தது 3 மாதம் என்கிறது. இடுப்பெலும்பு முறிவுக்கோ குடல் அடைப்புக்கோ இந்தக் கணக்கைப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. கழுத்துத் தமனி அடைப்பில் விதி தலைகீழ். அடைப்பு 70 சதவீதத்துக்கு மேல் இருந்து, அதனால் சிறு பக்கவாதம் வந்திருந்தால், 2 வாரத்துக்குள் அந்த அடைப்பை நீக்குவதே நல்லது. அடுத்த தாக்குதலுக்கான ஆபத்து முதல் சில நாள்களில்தான் மிக அதிகம்.

அதிகம் கவனம் தவறுவது ரத்த அழுத்தத்தில். அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் தன் ரத்த ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறன் மூளைக்கு உண்டு. பக்கவாதம் தாக்கிய பகுதியில் அது கெட்டுப்போகிறது. அழுத்தம் இறங்கினால் அங்கே ஓட்டமும் கூடவே இறங்கும். வழக்கமாக 160 இருப்பவருக்குத் திரையில் 110 என்று தெரிந்தால் பார்ப்பவருக்கு அது நல்ல எண்ணாகவே படும். அவருடைய மூளைக்கு அது பற்றாக்குறை. வழக்கமான அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகாமல் வைத்திருப்பதே பொதுவான இலக்கு. அந்த வழக்கமான அளவை, பதற்றத்தோடு படுத்திருக்கும்போது அரங்கு வாசலில் எடுக்கும் ஒரே அளவீட்டிலிருந்து முடிவு செய்யக் கூடாது. வீட்டிலும் வார்டிலும் எடுத்த பல அளவீடுகள் தேவை. மயக்கமூட்டும் புரோபஃபால் ஊசியை மெல்ல, சிறிது சிறிதாகக் கொடுத்து, அழுத்தத்தை ஏற்றும் மருந்தைக் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக வைக்க வேண்டும். தோள்பட்டை அறுவையில் நோயாளியைச் சாய்த்து உட்காரவைக்கும்போது கையில் அளக்கும் அழுத்தம் மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. தலை கையைவிட 20 செ.மீ. உயரத்தில் இருந்தால் அங்கே அழுத்தம் சுமார் 15 மி.மீ. பாதரசம் குறையும். செயற்கைச் சுவாசத்தை வேகமாகக் கொடுத்தாலும் கார்பன் டை ஆக்சைடு குறைந்து மூளை நாளங்கள் சுருங்கிவிடும்.

எந்தப் பக்கம் என்பது வெறும் பதிவுக்கான விவரமல்ல. தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் ஊசி, அசைவிழந்த தசைகளிலிருந்து பொட்டாசியத்தை ஒரேயடியாக வெளியேற்றி இதயத்தை நிறுத்திவிடக்கூடும். தாக்குதலுக்குப் பின் சில நாள்களில் தொடங்கி மாதக்கணக்கில் இந்த ஆபத்து நீடிக்கிறது. தசைத் தளர்வை அளக்கும் கருவியையும் நல்ல கையில்தான் பொருத்த வேண்டும். பலவீனமான கை தளர்வு மருந்துக்கு எளிதில் அடங்காது. அதை நம்பினால் மருந்து அதிகமாகிவிடும்.

‘ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஒரு வாரம் நிறுத்துங்கள்’ என்று எல்லாருக்கும் ஒரே அறிவுரை சொல்வது ஆபத்தானது. ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரலாம். க்ளோபிடோக்ரெலை 5 முதல் 7 நாள், வார்ஃபரினை 5 நாள் முன்பு நிறுத்துவது வழக்கம் என்றாலும், அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நரம்பியல், அறுவை, மயக்கவியல் மருத்துவர்கள் மூவரும் சேர்ந்துதான். நோயாளி தானாக நிறுத்தக் கூடாது.

அறுவையை ஒட்டி வரும் பக்கவாதங்களில் பெரும்பாலானவை மேசையில் நிகழ்வதில்லை. அடுத்த சில நாள்களில் வார்டில் வருகின்றன. வலி மருந்தின் மயக்கம் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வதால் நேரம் போய்விடுகிறது. சிரிக்கச் சொல்லி, இரு கையையும் தூக்கச் சொல்லி, ஒரு வாக்கியம் பேசவைத்துப் பார்க்க வேண்டும். பழைய பலவீனம் படிவத்தில் இல்லாவிட்டால் இது புதியதா என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. ஆறாத அறுவைக் காயம் இருப்பதால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பெரும்பாலும் கிடைக்காது. பெரிய நாளத்தில் அடைப்பு இருந்தால் குழாய் வழியே கட்டியை எடுத்துவிடலாம். தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூட இது பலன் தரும். அந்த நேரம், நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நிமிடத்திலிருந்து கணக்காகிறது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் செவிலியர் குறிப்பில் அந்த நேரத்தை எழுத இடம் ஒதுக்குமாறு மருத்துவமனைகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மயக்கவியல் மருத்துவர்கள் சிலர்