பழைய கணிப்புகளையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீடு, மனை முதலீடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பத்து வருஷத்தில் போட்ட பணம் இரட்டிப்பாகும், அதாவது வருஷத்துக்கு 10 சதவீதம் என்கிறார் கட்டுரையாளர். அந்த 'அதாவது'விலேயே இடறிவிட்டார். பத்து வருஷத்தில் இரட்டிப்பு என்றால் கூட்டு வட்டிக் கணக்கில் 7.2 சதவீதம்தான். வாங்கும்போது பத்திரச் செலவு 8 சதவீதம், விற்கும்போது தரகு 2 சதவீதம் என்று வைத்தால் அதுவும் 6 சதவீதத்தை ஒட்டி வந்து நின்றுவிடும். வரி, பராமரிப்பு, ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எதையும் நான் இன்னும் கழிக்கவில்லை. வாடகையைக் கூட்டவும் இல்லைதான். கட்டுரையும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சரி, கணக்குப் பிழை யாருக்கும் வரும். அந்த இரட்டிப்பு எந்த வட்டி விகிதத்தை நம்பிச் சொன்னது என்பதுதான் என் கேள்வி. ஒரு கட்டடத்தின் நிகர வாடகை வருஷத்துக்கு 5 என்று வையுங்கள். 5 சதவீத வருவாய் போதும் என்று வாங்குபவர்கள் நினைக்கும்வரை அதன் மதிப்பு 100. வங்கி வட்டி ஏறி, 6 சதவீதம் இல்லாமல் தொடமாட்டோம் என்று அவர்கள் சொன்னால் அதே கட்டடம் 83-க்கு இறங்கிவிடும். குடியிருப்பவர் மாறவில்லை, வாடகையும் குறையவில்லை. முக்கால்வாசிப் பணம் கடனாக இருந்தால், போட்ட கைக்காசு 25-இல் 17 போச்சு. இந்த ஒரு சதவீதத்தை ஊகிக்காமல் பத்து வருஷக் கணிப்பு சொல்லவே முடியாது. ஊகித்தவர் அதை வாசகரிடமும் சொல்லியிருக்கலாம்.

தரவு நிறைய இருந்தால் கணிப்பு கைகூடும் என்றும் எழுதியிருக்கிறார். வீடு, மனை இணையதளம் நடத்தும் அமெரிக்காவின் ஸில்லோ நிறுவனத்திடம் இல்லாத வீட்டு விலைத் தரவா? வீடுகளைத் தானே வாங்கி விற்கும் தொழிலை 2021 நவம்பரில் அது மூடுவதாக அறிவித்தது. சில மாதங்கள் தள்ளி விலை எப்படி இருக்கும் என்பதைக் கணிக்க முடியவில்லை என்பதுதான் சொன்ன காரணம். கையிருப்பு வீடுகளின் மதிப்பில் 30 கோடி டாலருக்கு மேல் நஷ்டக் கணக்கு எழுதினார்கள்.

இதற்கு மாறாக, சாதாரணக் கணிப்பாளர் பல வருஷம் பலிக்கச் சொல்லிவிடுவார். காரணம் எளிது. வீட்டு விலை பங்குச் சந்தை மாதிரி நாளுக்கு நாள் துள்ளாது. இந்த வருஷம் ஏறினால் அடுத்த வருஷமும் அந்தப் பக்கமே போகும் போக்கு அதற்கு உண்டு என்று கேஸ், ஷில்லர் என்ற இரு பொருளியலாளர்கள் 1989-லேயே காட்டினார்கள். ஆகவே "இன்னும் ஏறும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர் பெரும்பாலும் ஜெயிப்பார். ஜப்பானில் 1991-ஐ ஒட்டியும், அமெரிக்காவில் 2006-லும் திரும்பியது மாதிரி சந்தை திரும்பும் வருஷத்தில்தான் தோற்பார். வாசகனுக்கு வேண்டியதோ அந்த வருஷம்தான்.

திருப்பத்தை யாராலும் தேதி போட்டுச் சொல்ல முடியாது. ஆனால் விலை இறங்கும் முன் விற்பனை எண்ணிக்கை சுருங்குவது வழக்கம். விற்பவர் விலையைக் குறைக்க மனம் வராமல் காத்திருப்பார், வாங்குபவர் ஒதுங்கிவிடுவார். விளம்பரம் போட்ட வீடு மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இந்த எண்களை மாதாமாதம் ஒரு மூலையில் போடுங்கள், போதும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படி ஒரு கணிப்பை வெளியிடும்போது, ஐந்து வருஷம் முன் உங்கள் இதழிலேயே வந்த கணிப்பையும், உண்மையில் நடந்ததையும் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள். அந்தக் கட்டத்தை இதே கட்டுரையாளர் எழுதினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்